இருதொழிலார் முப்பத்தொரு பேர்

ஆவணிக் கூட்டத்தில் சோற்றுப் பார்சல் போதாமல் போனதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

கூட்டம், கடற்றொழிலாளரும் விவசாயிகளும் சேர்ந்து நடத்துகிற ஒரு சங்கத்தினுடையது. சாம்பல்தீவிலிருந்து தம்பலகாமம் வரைக்கும் அறுநூற்றுச் சொச்சம் உறுப்பினர்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு பட்டியல், வயல் செய்கிறவர்களுக்கு ஒரு பட்டியல். இரண்டு தொழிலும் செய்கிறவர்கள் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். அவர்களுடைய பெயர் இரண்டு பட்டியலிலும் இருந்ததால், கூட்ட அறிவித்தலும் அவர்களுடைய போனுக்கு இரண்டு தடவை போய்விட்டது. நம்முடைய பக்கத்தில் ஒரு வீட்டுக்கு இரண்டு அழைப்பு வந்தால் இரண்டு பேரை வரச்சொல்கிறார்கள் என்றுதானே கணக்கு? முப்பத்தொரு பேரும் வீட்டிலிருந்து இன்னோர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து, மரியாதையாக வரிசையில் நின்று பார்சல் வாங்கினார்கள். சங்கச் செயலாளர் ஸைனுலாப்தீன் ஹாஜியார் அன்று பகல் வெறும் பிளேன்டீயோடு இருந்தார்.

மறுநாளே அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஹுஸ்னியாவின் அலுவலகப் படியேறினார். திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டு அறை. ஜன்னலை முழுதாகத் திறந்தால் துறைமுகத் தண்ணீர் ஒரு கைக்குட்டை அளவு தெரியும்.

“மகள், ஒரு ஆளுக்கு ஒரு மெசேஜ்தான் போகணும். ரெண்டு போனா ரெண்டு பேர் வாறாங்க. இப்பிடிப் போனா அடுத்த கூட்டத்துக்கு நான் சமைச்சு முடியாது.”

“இந்தக் கிழமைக்குள்ள சரியாக்கித் தாறன், ஹாஜியார்,” என்றாள் ஹுஸ்னியா.

கிண்ணியாப் பெண். வயது இருபத்தொன்பது. சங்கத்துக்கு மெசேஜ் அனுப்புகிற மென்பொருளை ஒற்றை ஆளாக எழுதியவள். சூறாவளி வரப்போகிறது, வலை கழுவும் இடம் மாறியிருக்கிறது, குளத்தில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று எந்தச் சேதியானாலும் அவளுடைய மேசையிலிருந்துதான் போகும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இருக்கத்தானே வேண்டும்? மூன்று வருடத்தில் ஒரு சேதியும் போய்ச்சேராமல் விட்டதில்லை.

கணினிக்கு அவள் எழுதிய நிரலில் ‘உறுப்பினர்’ என்று ஒரு வகுப்பு, ஒரு அச்சுமாதிரி, இருந்தது. பெயர், விலாசம், போன் இலக்கம் எல்லாம் அதில். அதற்கு இரண்டு பிள்ளைகள்: ‘மீனவர்’, ‘விவசாயி’. பிள்ளைகள் இரண்டும் தகப்பனுடைய சொத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, தங்களுக்கென்று ஒரு வேலையையும் வைத்திருந்தன. ‘எச்சரி’ என்று கூப்பிட்டால் மீனவர் கடல் சேதியை அனுப்பும். விவசாயி குளத்துச் சேதியை அனுப்பும். இப்போது ஹுஸ்னியா செய்ய நினைத்தது மூன்றாவது ஒரு வகுப்பு. பெயர் ‘இருதொழிலார்’. அதற்குப் பெற்றோர் இரண்டு: மீனவரும் விவசாயியும். இரண்டு பக்கத்துச் சொத்தும் வரும். ஆள் ஒன்றுதான், ஆகவே கூட்ட அறிவித்தலும் ஒன்றுதான்.

பக்கத்து மேசையில் கிருஷாந்த். அவளோடு பங்குக்கு அலுவலகம் நடத்துகிறவன், அதிகம் கதைக்காதவன். அவன் பழகிய கணினி மொழி ஒரு வகுப்புக்கு ஒரு பெற்றோருக்கு மேல் அனுமதிக்காது. ஹுஸ்னியாவின் மொழி எத்தனை பெற்றோரையும் தாங்கும்.

“ரெண்டு இடத்தில இருந்து சொத்து எடுத்தா ஒருநாள் இழுபறி வரும் ஹுஸ்னியா. ரெண்டு பேரிட்டயும் ‘எச்சரி’ எண்ட ஒரே பேரில வேலை இருக்கு. எது ஓடும்?”

“முதல்ல எழுதின பெற்றோர்ட ஓடும். எனக்குத் தெரியும்தானே.”

“அதுதான் சொல்லுறன். சொத்தை விடுங்கோ, கடமையை மட்டும் எழுதுங்கோ. கடல் சேதி எடுப்பன் எண்டு ஒப்பந்தம் மாதிரி ஒரு இன்டர்ஃபேஸ், குளத்துச் சேதி எடுப்பன் எண்டு இன்னொண்டு. ரெண்டிலயும் கையெழுத்து வச்சவன் ரெண்டுக்கும் பதில் எழுதத்தான் வேணும். எழுதாட்டி நிரல் ஓடவே மாட்டன் எண்டு நிக்கும்.”

“அதுக்கு எல்லாத்தையும் பிரிச்சு மேயணும். இது ஒரு பின்னேர வேலை.”

கிருஷாந்த் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் திரைக்குத் திரும்பினான். அவள் ஒரு பின்னேரத்தில் முடித்தாள். எந்தப் பெற்றோரை முதலில் எழுதுவது என்று ஒரு கணம் யோசித்து, சங்கத்தின் பெயரில் கடற்றொழில்தானே முன்னால் வருகிறது என்று மீனவரை முன்னால் போட்டாள். வேறு காரணம் எதுவும் இல்லை. ஒரு கூட்ட அறிவித்தலையும் ஒரு கடல் சேதியையும் அனுப்பிச் சோதித்தாள். ஆளுக்கு ஒன்றுதான் போனது. ஹாஜியார் சந்தோஷத்தில் அரைக் கிலோ தொதல் இனிப்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவசரத்தில் செய்த வேலைக்குத்தான் உலகத்தில் பாராட்டு அதிகம்.

கார்த்திகை பிறந்தது. மழை மூன்று நாளாக விடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குக் கடல் சேதி போனது. காற்று, அலை, யாரும் தொழிலுக்குப் போகவேண்டாம், படகுகளை மேலே இழுத்து வையுங்கள். ஒன்பதே முக்காலுக்குக் குளத்துச் சேதி வந்தது. குளம் நிரம்பிவிட்டது, பகல் ஒரு மணிக்கு மிகை நீர் போகும் வான்கதவுகளைத் திறக்கிறார்கள், கீழ்க்காணி வயல்களில் நிற்பவர்கள் உடனே வெளியேற வேண்டும். ஹுஸ்னியா ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அதையும் அனுப்பினாள். அனுப்பிவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றப் போனாள்.

பத்தரைக்கு ஹாஜியார் போனில் அழைத்தார். “வயல்காரர் எத்தின பேருக்குப் போச்சு மகள்? மேலிடத்தில கேக்கிறாங்க.”

அவள் திரையைப் பார்த்தாள். இருநூற்று இருபத்தொன்பது.

“இருநூற்றி அறுபதெல்லோ வரணும்?” என்றார் அவர்.

வித்தியாசம் எத்தனை என்று கழித்துப் பார்க்கவேண்டிய தேவை ஹுஸ்னியாவுக்கு இருக்கவில்லை. முப்பத்தொன்று என்ற எண் அவளுக்கு மனப்பாடம். இருதொழிலார் வகுப்பைத் திறந்து பார்த்தாள்.

நடந்தது இதுதான். குளத்துச் சேதியை எடுத்துக்கொண்டு நிரல் ஒவ்வோர் உறுப்பினரிடமும் போய் ‘எச்சரி’ என்றது. விவசாயிகள் எச்சரித்தார்கள். இருதொழிலார் தனக்கென்று அப்படியொரு வேலை வைத்திருக்கவில்லை. பெற்றோரில் முதலாவதைக் கேட்டது. முதலாவது மீனவர். மீனவர் சேதியைப் பார்த்து, இது கடல் சேதி இல்லையே, எனக்கில்லை என்று பேசாமல் இருந்துவிட்டது. ஒரு பதில் கிடைத்துவிட்டதால் இரண்டாவது பெற்றோரை யாரும் கேட்கவில்லை. பிழை என்று ஒரு சிவப்பு எழுத்துக்கூட வரவில்லை.

“கிருஷாந்த்,” என்றாள். திரையைச் சுட்டிக்காட்டினாள்.

அவன் எழுந்து வந்து திரையைப் பார்த்தான். நான் அப்போதே சொன்னேன் என்று சொல்ல அவனுக்கு உரிமை இருந்தது. அவன் அதைச் சொல்லவில்லை. “முதல்ல அனுப்புவம். பிறகு ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுப் போன்ல கதைப்பம்,” என்று போனைக் கையில் எடுத்தான். அந்த ஒரு காரியத்துக்காக ஹுஸ்னியா அவனை வாழ்நாளில் மறக்கமாட்டாள்.

திருத்தம் ஒரு வரிதான். உனக்கில்லை என்றால் அடுத்த பெற்றோரிடம் கொடு என்று ஒரு வரி. பத்து ஐம்பதுக்கு முப்பத்தொரு மெசேஜும் போயின. அதோடு விட அவளுக்கு மனம் வரவில்லை. இருவரும் ஒவ்வொருவரையும் போனில் அழைத்தார்கள். மழையாகையால் முக்கால்வாசிப் பேர் வீட்டில்தான் இருந்தார்கள். வயலில் நின்ற மூன்று பேர் மெசேஜைப் பார்த்துவிட்டு ஏற்கனவே ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முப்பது பேரோடு கதைத்தாயிற்று. ஒருவருடைய போன் மட்டும் செத்துக் கிடந்தது. சாம்பல்தீவுத் தவராசா.

வீட்டு இலக்கத்துக்கு அழைத்தாள். அவருடைய மனைவி குணேஸ்வரி கதைத்தாள்.

“அக்கா, தவராசா ஐயா வீட்டில நிக்கிறாரா?”

“இல்லைப் பிள்ளை. விடியக் கடலுக்கெண்டுதான் வெளிக்கிட்டவர். உங்கட மெசேஜ் வந்தது, கடலுக்குப் போக ஏலாதெண்டு. சரி, அப்ப வயலையாவது பாப்பமெண்டு தம்பலகாமத்துக்குப் போயிட்டார்.”

கடல் மூடினால் வயல். இரண்டு தொழில் செய்கிற மனிதன் வேறெங்கே போவான்? கடலோரத்தில் பிறந்து வளர்ந்தும் இந்தச் சின்ன விசயம் தன் மண்டையில் ஏறவில்லையே என்று ஹுஸ்னியா நினைத்தாள். தான் அனுப்பிய எச்சரிக்கைதான் அந்த ஆளைத் தண்ணீர் வரப்போகிற இடத்துக்கு அனுப்பிவைத்திருக்கிறது.

“என்ன பிள்ளை, ஏதும் பிரச்சினையே?”

“குளம் திறக்கப் போறாங்க அக்கா. நான் அவரக் கூட்டிட்டு வாறன்.” சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது.

பட்டியலில் தவராசாவின் காணிக்குப் பக்கத்துக் காணி அகீலுடையது. அவனை அழைத்தாள். அகீல் மாடுகளோடு வாய்க்காலுக்கு மறுகரையில் நின்றான்.

“நான் சொல்லிட்டுத்தான் வந்தன் தங்கச்சி. மனிசன் அசையல்ல. போனை எடுத்துப் பாத்தார். ‘பிரிவு பிரிவாத்தான் அனுப்புவாங்கள், என்ர பிரிவெண்டா எனக்கு வந்திருக்கும். சங்கத்து மெசேஜ் ஒருநாளும் பிழை விட்டதில்லை’ எண்டுட்டு வரம்பு கட்டப் போயிட்டார். இப்ப வாய்க்கால் இழுக்குது, எனக்குத் திரும்பக் கடக்க ஏலாது. கண்டி ரோட்டுப் பக்கத்தால போனாத்தான் சரி.”

ஹாஜியார் குளத்து அதிகாரிகளிடம் கதவு திறப்பதைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டுப்பார்த்தார். குளம் அந்த நிலையில் இல்லை; திறக்காவிட்டால் குளக்கட்டே உடைந்துவிடும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கிருஷாந்தைப் போனோடு இருத்திவிட்டு ஹுஸ்னியா படியிறங்கி ஓடினாள். அவளுடைய அண்ணன், ஜெமீல் நானா, பஸ் நிலையத்தில்தான் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார்.

“தம்பலகாமத்துக்கு நானா. கெதியா.”

“இந்த மழைக்குள்ளயா? ஆருக்கு என்ன?”

“என்னால ஒரு ஆள் மவுத்தாகப் போறார்.”

ஜெமீல் இரு பக்கத்து மழைப் படங்குகளையும் இழுத்துக் கட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். சீனக்குடா தாண்டும்போது மணி பதினொன்றரை. பஸ் ஒன்று சேற்றுத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துவிட்டுப் போனது. ஹுஸ்னியா துடைக்கவுமில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் தவராசாவின் இலக்கத்தை அழுத்திக்கொண்டே இருந்தாள். பதிவுசெய்த ஒரு பெண் குரல், தொடர்பு இல்லை என்று மூன்று மொழியிலும் சொன்னது. ஓதிக்கொண்டே வந்தாள், இடையில் அழுகை வந்தது, திரும்பவும் ஓதினாள்.

கண்டி வீதியில் இறங்கியபோது பன்னிரண்டு ஐந்து. அங்கிருந்து வரம்பால் நடக்க வேண்டும். செருப்பைக் கழற்றி வண்டிக்குள் எறிந்துவிட்டு, அபாயாவை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பின்னால் ஜெமீல். இரண்டு இடத்தில் விழுந்தாள். வயல்வெளியில் ஒரு குருவி இல்லை. எல்லாரும் போய்விட்டார்கள். தூரத்தில் ஒரு வாடி, அந்த ஓலைக் குடிசைக்கு முன்னால் வெறும் மேலோடு மண்வெட்டியும் கையுமாக ஒரு மனிதர் குனிந்து நின்றார். உடைந்த வரம்பை அடைத்துக்கொண்டிருந்தார்.

“தவராசா ஐயா!”

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் மழை வழிந்தது. சேறு பூசிய ஒரு பெண் இந்த வெள்ளத்துக்குள் ஏன் வருகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

“ஆர் பிள்ளை நீங்கள்?”

“வெளிக்கிடுங்க ஐயா. ஒரு மணிக்குக் கதவு திறக்கிறாங்க. இந்தப் பக்கம்தான் தண்ணி வரும்.”

“அகீலும் சொன்னவன். எனக்கு மெசேஜ் வரேல்லை. இப்ப போன் செத்துப்போச்சு, ஆனா பத்து மணி வரைக்கும் பாத்தனான். போன வருசப் புயலுக்கும் அந்த மெசேஜ்தான் என்னைக் காப்பாத்தினது. அது சொன்னா நான் போவன். உங்களை எனக்குத் தெரியாது.”

மூன்று வருடம் அவள் ஆசையாகக் கட்டிய நம்பிக்கை இப்படி மண்வெட்டியோடு எதிரே நின்றது. அதை அவளே உடைக்க வேண்டும்.

“அந்த மெசேஜ் அனுப்புறது நான்தான் ஐயா. என்ட பேர் ஹுஸ்னியா. காலையில உங்களுக்கு வராதது என்ட பிழை.”

“பிழையோ?”

“வயல்காரருக்குப் போன சேதி உங்களுக்குப் போகல்ல.”

தவராசா மண்வெட்டியை நிலத்தில் ஊன்றினார். மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. ஜெமீல் பின்னால் நின்று தவித்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த மனிதருக்குத் தண்ணீர் இரண்டாம்பட்சமாகிவிட்டது.

“அப்ப என்னை வயல்காரன் இல்லையெண்டு வெட்டிப்போட்டியளோ? இஞ்ச உள்ளவங்கள் என்னைக் கடல்காரன் எண்டுதான் கூப்பிடுறவங்கள், வாய்க்கால் தண்ணிக்குக்கூடக் கடைசியாத்தான் விடுவாங்கள். அங்க கரையில போனா, உனக்கென்ன, வயல் இருக்கு எண்டுவாங்கள். பதினெட்டு வருசமா இந்த மண்ணைக் கொத்துறன். சங்கத்துக் கொம்பியூட்டரும் அப்பிடித்தானோ?”

ஹுஸ்னியாவுக்கு அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. பெற்றோர், முதல் இடம், இரண்டாம் இடம் என்று வாயில் வந்ததையெல்லாம் விழுங்கினாள்.

“இல்ல ஐயா. மீனவர், விவசாயி ரெண்டும் எண்டுதான் உங்கள எழுதி வச்சிருக்கிறன். ரெண்டையும் எழுதிப்போட்டு ஒண்டை மட்டும்தான் கேட்டனான். முதல்ல எழுதினதைக் கேட்டுட்டு, மற்றதைக் கேக்காம விட்டுட்டன். உங்கள மாதிரி முப்பத்தொரு பேர். மற்ற முப்பது பேரும் தப்பிட்டாங்க. நீங்க வராம நான் இந்த இடத்தால போகமாட்டன்.”

சொல்லிவிட்டு அவள் உண்மையிலேயே அந்த வரம்பில் குந்திவிட்டாள்.

தவராசா அவளைப் பார்த்தார். பிறகு தான் அரைவாசி அடைத்த வரம்பைப் பார்த்தார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“எழும்புங்கோ பிள்ளை. இதில இருந்தா அட்டை கடிக்கும்.”

மூவரும் திரும்பி நடந்தார்கள். சறுக்குகிற இடங்களில் அவர் மண்வெட்டிப் பிடியை நீட்ட, அவள் அதைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒன்று பத்துக்கு வீதியில் ஏறினார்கள். ஹுஸ்னியா தன் போனில் அவருடைய வீட்டுக்கு அழைத்துக் கொடுத்தாள். “ஓம், நிக்கிறன். ஓம், றோட்டிலதான். அழாதையும்,” என்று அவர் மூன்று தரம் சொன்னார். அவர் சாரத்து மடியில் சுற்றி வைத்திருந்த போனை ஜெமீல் வாங்கி முச்சக்கரவண்டியின் சார்ஜரில் குத்தினார். வண்டியைக் கிளப்பலாம் என்று ஜெமீல் சொல்ல, கொஞ்சம் பொறுங்கோ தம்பி, பாத்திட்டுப் போவம் என்றார் தவராசா.

ஒன்றே முக்காலுக்குத் தண்ணீர் வந்தது. இரைச்சல் முதலில் வந்தது. பிறகு மண்ணிறமாக ஒரு விரிப்பு, அவசரமே இல்லாமல், வரம்புகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு பரவியது. ஒரு சாண் வளர்ந்திருந்த பயிர் தெரிந்தது, நுனி தெரிந்தது, பிறகு தெரியவில்லை. வாடி சிறிது நேரம் நின்றுவிட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் நின்று வரம்பு கட்டிய இடம் எதுவென்று இப்போது யாராலும் காட்ட முடியாது.

வண்டிக்குள் தவராசாவின் போன் உயிர் பெற்றுச் சத்தம் போட்டது. அவர் போய் எடுத்து, ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தார். பத்து ஐம்பதுக்கு அனுப்பிய மெசேஜ்.

“விவசாயி தவராசா அவர்களுக்கு. குளத்தின் வான்கதவுகள் இன்று பகல் ஒரு மணிக்குத் திறக்கப்படும். உங்கள் வயலை விட்டு உடனடியாக வெளியேறவும்.”

முதல் வரியை மட்டும் இன்னொரு தரம், வாய்க்குள் வாசித்தார். வயல் இருந்த பக்கம் பார்த்தார். ஹுஸ்னியா முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். மன்னிச்சிக்கங்க ஐயா, மன்னிச்சிக்கங்க என்பதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் வரவில்லை.

தவராசா பழக்கத்தில் போனைச் சேட்டுப் பைக்குள் வைக்கப்போய், சேட்டு வாடியோடு போய்விட்டது நினைவுக்கு வர, அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

“அழாதையுங்கோ பிள்ளை,” என்றார். “வயல்தானே போயிட்டுது. வயல்காரன் நிக்கிறன்தானே.”